பேண்ட்டக்காவின் ஒட்டகச்சிவிங்கிகள்

பேண்ட்டக்காவைப் பார்த்து அதிர்ச்சி அடையாத உயிர் கம்பம் பள்ளத்தாக்கில் ஒன்றுகூடக் கிடையாது. மனிதர்களை விடுங்கள். எங்கள் சுருளிப்பட்டியில் லாரிக்காரன் ஹாரன் அடித்தாலும் நடுரோட்டை விட்டு நகராத எருமை ஒன்று இருந்தது. பேண்ட்டக்கா எதிரே வருவதைப் பார்த்துவிட்டு அது திராட்சைத் தோட்டத்து வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அக்காவுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், தன் கையால் தானே பேண்ட் தைத்து, அதை மாட்டிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு வருகிறார் என்றால் வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? இப்போது அவர் மகள் வீட்டோடு சின்னமனூருக்குப் போய்விட்டார். அங்கே என்ன கலவரமோ தெரியாது.

நாங்கள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். சேலையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டினால் எங்கள் சீருடை முடிந்தது. ஆம்பளைச் சட்டை போடுவதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. இடுப்புக்கு மேலே ஆம்பளை உடுப்பு இருந்தால் அது வேலை. இடுப்புக்குக் கீழே இறங்கினால் அது கலிகாலம். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது. ஆனால் அதைக் காப்பாற்றும் பொறுப்பு பவுனுத்தாய் மதினியிடம் இருந்தது. எங்கள் ஜீப்புக்கு அவர்தான் கங்காணி. யார் வேலைக்கு வரலாம், யார் எங்கே உட்காரலாம் என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்தான்.

பேண்ட்டக்கா முதன்முதலாக அந்த உடுப்போடு ஜீப்பில் கால் வைத்தபோது டிரைவர் ரபீக் அண்ணன் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். மஞ்சள் துணி. அதில் ஒட்டகச்சிவிங்கிகள். பெரியதும் குட்டியுமாகக் கணுக்காலில் கிளம்பி இடுப்புவரைக்கும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. சின்னப் பிள்ளைகள் அறையில் ஜன்னலுக்குப் போடுகிற திரைத்துணி அது.

"ஆத்தீ," என்றார் பவுனுத்தாய் மதினி. அடுத்த வார்த்தை அவருக்கு வருவதற்குள் ஜீப் பாதி மலை ஏறிவிட்டது. "ஏன்டி, புருசன் பேண்ட எடுத்து மாட்டிட்டு வந்துட்டியா?"

"அந்த மனுசன் பேண்டு எனக்கு முழங்காலத் தாண்டாது மதினி. இது நானே தச்சது."

"தச்சது சரி. அது என்னடி, கழுத?"

"கழுத இல்ல, ஒட்டகச்சிவிங்கி. நல்லாப் பாருங்க, கொம்பு இருக்கு."

"இந்த வயசுல ஒனக்கு எதுக்குடி ஒட்டகச்சிவிங்கி?"

"எந்த வயசுல மதினி வச்சுக்கிடலாம்?"

பவுனுத்தாய் மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து ஓட்டும்படி ரபீக் அண்ணனைத் திட்டினார்.

செல்போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா பேண்ட் வெட்டுவதற்கான அளவுப் படத்தை இலவசமாகக் கொடுக்கிறாராம். அதற்குப் 'பேட்டர்ன்' என்று பேர். அக்கா அதைக் கம்பத்து ஜெராக்ஸ் கடையில் காகிதம் காகிதமாக எடுத்துவந்து, தரையில் பரப்பி, செல்லோடேப் போட்டு ஒட்டுவார். அவர் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தால், உள்ளே பேண்ட் தயாராகிறது என்று தெருவுக்கே தெரியும்.

ஒட்டகச்சிவிங்கிக்கும் முன்னால், முதல் பேட்டர்னை எடுத்தபோது ஜெராக்ஸ் கடைக்காரர், ஓரம் விட்டுப்போகக் கூடாது என்கிற நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் காகிதத்துக்குள் அடங்கும்படி சுருக்கி எடுத்துக் கொடுத்துவிட்டார். தைத்து முடித்த பேண்ட் அக்காவின் கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. பிறகுதான் காகிதத்தின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருப்பதையும், அது சரியாக இத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதியிருப்பதையும் அக்கா கண்டுபிடித்தார். அதிலிருந்து அளவு டேப்போடுதான் கடைக்குப் போவார். ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களை எல்லாம் விலக்கிவிட்டு, "மொதல்ல கட்டத்தக் காட்டுங்க" என்பார். கொஞ்ச நாளில் அந்தக் கடைக்காரர், அக்கா தெருமுனையில் திரும்பும்போதே கட்டத்தை எடுத்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் நிலைமைக்கு வந்துவிட்டார்.

இன்னொரு பேண்டில் துணியைத் திருப்பிப் போட்டு வெட்ட மறந்து, இரண்டும் இடது காலாகப் போனது. அக்கா அதையும் விடவில்லை. அதைப் போட்டுக்கொண்டு அவர் நேராக நடந்தால் வலது கால் மட்டும் ராயப்பன்பட்டிக்குப் போகலாமா என்று யோசித்தது.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து 'சீம் அலவன்ஸ்'. ஒரு நாள் ஜீப்பில் அக்கா செல்போனைப் பார்த்தபடி சொன்னார்:

"இந்தப் பேட்டனுக்கு அலவன்ஸு கெடையாதாம்."

"அலவன்ஸா? பஞ்சப்படி மாதிரியா?" என்றார் ரபீக் அண்ணன்.

"அதேன். 'சீம் அலவன்ஸ் நாட் இன்க்ளூடட்'னு போட்டிருக்காக. நாயந்தான. படத்தச் சும்மாக் குடுக்குறதே பெருசு, அதுக்குமேல அலவன்ஸும் குடுப்பாகளா?"

ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் அந்த வெள்ளைக்காரம்மா பக்கம்தான் நியாயம் என்று தலையாட்டினோம். அக்கா கோட்டின்மேலேயே கச்சிதமாக வெட்டித் தைத்துவிட்டார். முழுக்க மீன் படம் போட்ட நீலத் துணி. தோட்டத்தில் ஏலச்செடியின் அடியில் காய்ச்சரத்தைப் பிடிக்கக் குனிந்தார். 'டர்' என்று ஒரு சத்தம். பக்கத்து மலைக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். சாயங்காலம்வரை அக்கா உரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார். மீன்கள் அதற்குள்ளே இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் அலவன்ஸ் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு வந்து எங்களுக்குப் பாடமே எடுத்தார்.

"தையக் கோட்டுக்கு வெளிய கொஞ்சம் துணி சேத்து விடணும்டி. அதேன் அலவன்ஸு. உள்ள மடிஞ்சு கெடக்கும், வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அது இல்லேன்னா உடம்பப் பிடிச்சுரும், மூச்சு விட முடியாது."

பிறகு துணிகள் பெருகின. தர்பூசணித் துண்டு, ரயில் என்ஜின், குடை பிடித்த வாத்து. வீரபாண்டித் திருவிழாவுக்கு ஒட்டகச்சிவிங்கியோடு வந்திருந்தார். கூட்டத்தில் பிள்ளைகளைத் தொலைத்தவர்கள் அழுதுகொண்டு நிற்க, மைக்கில் ஒருவர் அறிவித்தார்: "குழந்தையைத் தவறவிட்டவர்கள் ராட்டினம் அருகில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கி பேண்ட் அம்மாவின் பக்கத்தில் வந்து நிற்கவும்." அக்கா ராட்டினம் ஏற வந்தவர். கடைசிவரை ஏற முடியவில்லை.

அட்டை கடிக்காமல் இருக்கத்தான் பேண்ட் போடுகிறார், வெளிர் துணியில் அட்டை ஏறினால் கண்ணுக்குத் தெரியும் என்பதற்காகத்தான் இந்த மாதிரித் துணி என்று ரபீக் அண்ணன் ஒரு நாள் அக்காவுக்காக வாதாடினார். அக்காவே அதைக் கெடுத்தார்.

"அட்டைக்காகவா? இல்லண்ணே. நல்லாருக்குல்ல, அதுக்குத்தேன்."

இனி என் கதைக்கு வருகிறேன். மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து, என் கணுக்காலில் புண் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ், "காலை நல்லா மூடிட்டுப் போறதா இருந்தா வேலைக்குப் போங்க. இன்னொரு அட்டை இதுல கடிச்சா அப்புறம் மலைப்பக்கமே போக முடியாது" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். நான் மலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும். பவுனுத்தாய் மதினி வந்து பார்த்தார்.

"புண்ணு ஆறுறவரைக்கும் எடத்தப் போட்டு வைக்க முடியாது, ஆத்தா. திங்கக்கெழம வரலேன்னா வேற ஆள ஏத்திருவேன். வருத்தப்படாத."

காலை மூட ஒரே வழிதான் இருந்தது. ஆனால் கல்யாண வீட்டில் இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் பாதி வயிற்றோடு எழுந்து வந்தவள் நான். ஜீப் முழுக்க ஆட்கள் பார்க்க, பேண்ட் போட்டுக்கொண்டு இறங்குவதை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வந்தது. அட்டையே தேவலை என்றுகூடத் தோன்றியது.

அக்கா வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றேன். அவர் என் காலைப் பார்த்தார். உடனே டேப்பை எடுத்தார். நான் இரண்டடி பின்னால் போனேன்.

"சரி, நீயே உள்ள போய் அளந்து சொல்லு."

உள்ளே போய் அளந்தேன். இடுப்பு அளவைச் சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"என்னடி, அளந்தியா, அங்கனயே குடியிருக்கியா? சொல்ல வெக்கமா இருந்தா டேப்பப் பிடிச்ச எடத்துல பிடிச்சபடியே கொண்டா."

அப்படியே கொண்டு வந்தேன்.

"துணி? வாத்து இருக்கு, பூன இருக்கு."

"ஒண்ணுமில்லாததா இருந்தாப் போதும்க்கா. மண்ணுக் கலர்ல."

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல அக்கா அதிர்ந்துவிட்டார். "மண்ணுக் கலரா? எதுக்குடி?"

"ஆரும் பாக்கக் கூடாதுக்கா."

அக்கா அளவைக் குறித்துக்கொண்டார். பிறகு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேண்ட் வந்தது. கேட்டபடியே மண் கலர். அதில் ஒரு கோடு, ஒரு புள்ளி இல்லை. திருப்திதான். ஆனால் போட்டுப் பார்த்துவிட்டுப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு உள்துணியை வெளியே இழுத்தேன். மஞ்சள் நிறத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கி என்னை எட்டிப் பார்த்தது. அவசரமாக உள்ளே தள்ளினேன்.

திங்கட்கிழமை பேண்டுக்கு மேலே சேலையைக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போய் ஜீப்பின் கடைசி மூலையில் ஒடுங்கினேன். தோட்டத்தில் இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகித்தான் ஆக வேண்டும். அப்போது பவுனுத்தாய் மதினி என்ன சொல்வார், மற்றவர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று நினைத்துச் சேலைக் கரையைக் கணுக்கால்வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன். அக்காவை மட்டும் காணோம். ரபீக் அண்ணன் வண்டியைக் கிளப்பி முன்விளக்கைப் போட்டார்.

விளக்கு வெளிச்சத்தில் ரோட்டில் ஏதோ எரிந்தது.

தீப்பிடித்த மாதிரி மின்னிக்கொண்டு பேண்ட்டக்கா வந்தார். ஒரு கால் சிவப்பு ஜிகினா. இன்னொரு கால் பச்சை ஜிகினா. இரண்டு கால் விளிம்பிலும் தங்கக் குஞ்சம். நடக்க நடக்கக் குஞ்சம் ஆடியது. ரபீக் அண்ணன் தன்னை மறந்து கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது.

"ஏ ஆத்தா, கௌமாரி," என்றார் பவுனுத்தாய் மதினி. "இதென்னடி, தேர் இறங்கி நடந்து வருது?"

"புதுசு மதினி. எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கா? எனக்குக் கண்ணே அவிஞ்சு போச்சு. ரபீக்கு, வெளக்க அமத்துப்பா. இவ ஒருத்தி போதும், நாம மல ஏறிரலாம்."

மலை முழுக்க அதே பேச்சுதான். சோதனைச் சாவடியில் இருந்தவர் டீ டம்ளரைக் கையில் வைத்தபடி எழுந்து வந்து பார்த்தார். தோட்டத்து சூப்பர்வைசர், "எந்தா சேச்சி இது? உல்சவமாணோ?" என்று மலையாளத்தில் திருவிழாவா எனக் கேட்டுவிட்டு வருகை எடுக்கவே மறந்தார். எல்லாரும் அக்காவைச் சுற்றி நின்று குஞ்சத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நான் ஒரு செடி மறைவில் சேலையைத் தூக்கிச் செருகினேன்.

நிமிர்ந்தால் எதிரே பவுனுத்தாய் மதினி. செருகிய சேலையை அவசரமாக இறக்கப் பார்த்தேன். அவர் என் காலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ம். இப்படி அடக்க ஒடுக்கமா மூடிட்டு வந்தா ஆர் என்ன சொல்லப்போறா? நல்லாத்தேன் இருக்கு. அவளப் பாரு, கூறு கெட்டவ." சொல்லிவிட்டு ஜிகினாவைப் பார்க்க ஓடிவிட்டார்.

நானும் அன்று எல்லாரோடும் சேர்ந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். அவர் நாள் முழுக்கக் காலை அகட்டி அகட்டி நடந்தார். அதற்கும் சிரித்தோம்.

மறுநாள் அக்கா பழைய வாத்து பேண்டில் வந்தார். அதற்கடுத்த நாள் தர்பூசணி. மழைக்காலம் முடியும்வரை ஜிகினாவைக் காணவே இல்லை. என் புண் ஆறி, வடு மட்டும் இருந்தது. ஆனாலும் மண் கலர் பேண்டை நான் விடவில்லை. ஒரு நாள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துச் செடியில் காய் எடுத்துக்கொண்டிருந்தபோது, அபூர்வமாக எனக்கே பேச்சு வந்தது.

"அந்த ஜிகினாவ எங்கக்கா?"

"பரண்ல கெடக்கு, சனியன். தொடையெல்லாம் ராவி ரணமாக்கிருச்சு."

"அப்ப எதுக்கு அத அன்னைக்குப் போட்டுட்டு வந்தீக?"

அக்கா சரத்தை விலக்கி, பழுத்த காயாகப் பார்த்துக் கிள்ளிக் கூடையில் போட்டார்.

"அலவன்ஸுடி."

"என்னது?"

"கோட்டுக்கு வெளிய கொஞ்சம் சேத்து விட்டேன். இல்லேன்னா எல்லார் கண்ணும் ஒன்னைய இறுக்கிப் பிடிச்சிருக்கும்ல." சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

எனக்கு வேண்டிய நேரத்தில் வாய் திறக்காது. பாக்கெட்டுக்குள் கையை விட்டு, கழுத்து எந்தப் பக்கம் என்று தெரியாமலே ஒட்டகச்சிவிங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.