அழகுத்தாய் கார்டைப் பேசவைத்த விவரம்

உ

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்,
24.10.1999

மதிப்பிற்குரிய மைத்துனர் வைகுண்டராஜ் அவர்களுக்கு,

சங்கரலிங்கம் எழுதிக்கொண்டது. வைத்தியநாத சுவாமி புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை பிச்சையம்மாளும் இங்கே சுகம். அவளுடைய மூட்டுவலி பழையபடியே இருக்கிறது. அதையும் சுகத்தில் சேர்த்துக்கொள்ளவும். கோயம்புத்தூரில் நீங்களும் வீட்டில் எல்லோரும் இதைவிடச் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

பொம்பளைப் பிள்ளை ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக மில்லில் திரிந்தால் சிவகாசி மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள், உங்கள் மகள் அழகுத்தாயை வேலையை விடச் சொல்லுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். மூன்று மாதத் தற்காலிகக் கம்ப்யூட்டர் வேலை, வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, நிரந்தரம் ஆகாவிட்டால் தை மாதமே கல்யாணம் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை நேற்று முன்தினம் வந்து போனது. நடந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தால் சத்தமாக வாசிக்கவும்.

இராஜபாளையத்தில் மில் முதலாளி ராஜரத்தினம் ரூமில் ஒரு கம்ப்யூட்டர், ஸ்டோரில் ஒரு கம்ப்யூட்டர். ஸ்டோரில் எத்தனை பேல் பஞ்சு இருக்கிறது என்பதை அவர் நாற்காலியில் இருந்தபடியே பார்க்க வேண்டும். அதற்கு இரண்டையும் ஒயரால் இணைக்க வேண்டும். இணைத்துக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மதுரையிலிருந்து ஆள் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் ரூம் மெஷினில் அந்த ஒயரைச் சொருகுவதற்கான கார்டு ஏற்கெனவே உண்டு. ஸ்டோர் மெஷினுக்கு மட்டும் அழகுத்தாய் மதுரைக்குப் போய் ஒரு கார்டு வாங்கி வந்தாள். அந்த மெஷினில் அவள் ஏற்றியிருப்பது லினக்ஸ், கம்ப்யூட்டரையே ஓட்டுகிற புரோகிராம். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சி.டி. தட்டு. இலவசம் என்றதும் முதலாளிக்கு அதன்மேல் ஒரு தனி மரியாதை வந்துவிட்டது.

கார்டைப் பெட்டியோடு ஆயுத பூஜைக்கு நம் வீட்டுச் சாமி அலமாரியில் வைத்தோம். விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து மில் எலக்ட்ரீசியன் மலைச்சாமியிடம் கொடுத்தாள். அவன் பிரித்துச் சொருகி, மூடி போட்டு, ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் போய்விட்டான். லினக்ஸ் எழுந்து பார்த்தது. அப்படி ஒரு கார்டே இங்கே கிடையாது என்றது.

கழற்றிப் பார்க்கிறேன் என்று அன்றைக்கே சொன்னாள். நல்ல நேரத்தில் சொருகியதைப் பிடுங்கக் கூடாது என்று நான் தடுத்துவிட்டேன். எப்படித் தடுத்தேன் என்றால், சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோகும் சாக்கில் நான்கு நாளும் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அதே மில்லில் முப்பத்தொரு வருஷம் பிட்டராக இருந்தவன், எழுபத்து நாலில் மோதிர விரலில் பாதியை அங்கிருந்த பற்சக்கரத்துக்கே கொடுத்தவன். என்னை யார் எழுந்திரு என்பார்கள்?

இனிமேல்தான் கவனமாகக் கேட்க வேண்டும். கார்டையும் மெஷினையும் பேசவைக்க டிரைவர் என்று ஒரு புரோகிராம் வேண்டுமாம். நம் கல்யாணத் தரகர் மாதிரி. லினக்ஸிடம் அப்படிப்பட்டவர்கள் ஐம்பது அறுபது பேர் இருக்கிறார்கள். இந்தக் கார்டுக்கு யார் என்பதுதான் தெரியவில்லை. பெட்டியில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. கடைக்கு எஸ்.டி.டி. போட்டால், "லினக்ஸா? அது நம்ம கடையில விக்கிறது இல்லம்மா" என்று போனை வைத்துவிட்டார்கள். சரியென்று பட்டியலின் தலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். போனவரெல்லாம் திரும்பி வந்து, சாதனம் வேலையாக இருக்கிறது என்று ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"ஏட்டி, அதுக்கு என்ன வேலை? சும்மாதான கெடக்கு" என்றேன்.

"அது அப்படித்தான்ப்பா சொல்லும். செத்த நேரம் பேசாம இருங்க."

வியாழக்கிழமைக்குள் நாற்பத்தொரு பேர் போய்த் திரும்பிவிட்டார்கள். மானிட்டர்மேல் எலுமிச்சம்பழம் வைத்தேன், அதற்கும் அசையவில்லை. அன்று மடவார் வளாகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "அந்தச் சிவகாசி போட்டோ எங்கப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, முதலாளி வந்துகொண்டிருக்கிறார் என்று ஆள் வந்து சொன்னான். அழகுத்தாய் எழுந்தாள். "பெட்டி சொல்லாட்டா கார்டு சொல்லும். பெரிய சில்லு மேல நம்பர் அடிச்சிருப்பான். இன்னைக்கு நீங்க தடுத்தாலும் கேக்க மாட்டேன்" என்று மெஷினை அணைத்து, மூடியைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்தாள். எடுத்தால், கார்டு முழுக்க மூன்று பட்டை சந்தனம். நடுவில், சரியாகச் சில்லின்மேல், குங்குமம். நம்பர் அதற்கு அடியில். மூன்றாவது பட்டை மட்டும் பாதியில் நின்றிருந்தது. மில் மெஷினுக்கெல்லாம் பூசிப் பூசிப் பழகிய மலைச்சாமி, இதற்கும் பூசித்தான் சொருகியிருக்கிறான். அவனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் பெருந்தன்மை.

துடைத்தாள், நம்பரைப் படித்தாள், லினக்ஸ் புத்தகத்தைப் புரட்டினாள். அந்த நம்பருக்கு உரிய டிரைவர் புதன்கிழமையே போய் வந்த ஆள்தான். கார்டு இருக்கும் விலாசத்தையும் சொல்லி அனுப்ப வேண்டியவரை வெறுமனே அனுப்பியிருக்கிறோம். கார்டைத் திரும்பச் சொருகி, இந்தத் தடவை புத்தகத்தில் கண்ட விலாசத்தோடு அனுப்பினாள். கார்டின் பின்பக்கம் பச்சை விளக்கு எரிந்தது. சோதித்துப் பார்க்க முதலாளி ரூமுக்கு அறுபத்து நான்கு பைட், அதாவது அறுபத்து நான்கு எழுத்து அளவு, அனுப்பினாள். அறுபத்து நான்கும் ஒன்று குறையாமல் திரும்பி வந்தன. முதலாளி தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, இருநூற்றுப் பதினாலு பேல் என்று திரையில் பார்த்தார். நம்பாமல் ஸ்டோருக்கு ஆள் விட்டு எண்ணச் சொன்னார். இருநூற்றுப் பதினாலுதான். "திங்கக்கிழமை ஆர்டரை வாங்கிக்கம்மா" என்றார்.

மச்சான், அந்த மில்லில் நான் முப்பத்தொரு வருஷம் நின்றே வேலை பார்த்தேன். என் மகளுக்கு அங்கே நாற்காலி போட்டிருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. பெண் வேலையை விடமாட்டாள் என்று சிவகாசிக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். அதற்குச் சம்மதம் என்றால் மேலே பேசலாம்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும் குறைவில்லாமல் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
அழகுத்தாயின் தகப்பன்,
சங்கரலிங்கம்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். மலைச்சாமி பூசவில்லை. ஆயுத பூஜையன்று பெட்டியிலிருந்து கார்டை எடுத்துப் பூசி, காயவைத்து, மறுபடி உள்ளே வைத்தது நான்தான். மூன்றாவது பட்டை ஏன் பாதியில் நின்றது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அழகுத்தாய் அந்தப் பட்டையைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பார்த்தாள். நான் கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டேன். அதற்குள் முதலாளி வாசலில் வந்து நின்று, "நாலு நாளா என்னதாம்மா கோளாறு?" என்றார். துப்பட்டா முனையால் கார்டை முழுக்கத் துடைத்துவிட்டு, "தூசி, சார்" என்றாள். இதை மட்டும் சத்தமாக வாசிக்க வேண்டாம்.