பிரான்சுக்கு வர இயலாமை குறித்து தவராசாவுக்கு

ரானுயி, ஒக்லாந்து.
ஜூன் மாதம், இரண்டாம் ஞாயிறு.

அன்பின் மச்சான் தவராசாவுக்கும், அவன் தோளுக்கு மேலால் இதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கச்சி நகுலாவுக்கும் சோதிலிங்கம் எழுதிக்கொள்வது.

நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். பதினொரு வருடமாக இந்த இரண்டு வரியையும் உனக்கு ஒரு வாழ்த்து அட்டையிலும் நகுலாவுக்கு இன்னொரு அட்டையிலும் எழுதி, இரண்டு முத்திரை ஒட்டி அனுப்பினேன். இன்றைக்கு ஒரே தாள். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூலையில் உங்கள் கிராமத்துக்கு வந்து ஒரு மாதம் தங்கும்படி கேட்டிருந்தீர்கள். என்னால் வர இயலாது. காரணங்களை விபரமாகவே எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

உன்னுடைய குரல் செய்தி வந்த சனிக்கிழமை காலை நான் முட்டை பொரித்துக்கொண்டு நின்றேன். போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்துக் கேட்டேன். நகுலா இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள், மூன்று கிழமையாகிறது, திரும்பிப் போவதாக ஒரு சொல்லும் சொல்லவில்லை, அடுப்படிச் சுவரை இடிக்கச் சொல்கிறாள் என்று நீ சொன்னாய். மச்சான், நீ பாரிஸ் உணவகங்களில் முப்பது வருடம் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் தோர்தோன் பக்கத்துக் கிராமத்தில் அந்தக் கல்வீட்டை வாங்கியதும், நான் கடல் கடந்து வந்தது மாடு பார்க்கவா என்று கேட்டுவிட்டு நகுலா பாரிஸ் ஃப்ளாட்டிலேயே நின்றுவிட்டதும், அதற்குப் பிறகு நீங்கள் நேரே ஒரு சொல் பேசாததும் எனக்குத் தெரியாத கதையா? அதனால் நான் அடுப்பைக்கூட நிப்பாட்டாமல் அகப்பையோடு படுக்கை அறைக்கு ஓடினேன். கதவைத் தள்ளிச் சொன்னேன்.

“எழும்பும் சரோ. உம்மட ஆக்கள் சேந்திட்டினம்.”

சொன்ன பிறகுதான் கட்டிலைப் பார்த்தேன். அவள் போய் பதினாறு மாதம். இவ்வளவு காலத்தில் அப்படியொரு மறதி எனக்கு வந்ததில்லை. சாவு வீட்டிலும் வரவில்லை, ஆண்டுத் திவசத்திலும் வரவில்லை, உன்னுடைய நல்ல செய்தியில் வந்தது. முட்டை கருகி, புகைக்கு அலாரம் அடித்து, பக்கத்து வீட்டு சமோவாக்காரி வேலிக்கு மேலால் வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று கேட்டாள். பிரான்சில் என் நண்பனும் மனைவியும் சேர்ந்துவிட்டார்கள் என்றேன். அதற்கா அழுகிறாய் என்று கேட்டு, என்னைக் கட்டிப்பிடித்து, பின்னேரம் ஒரு சட்டி நிறைய வாழைக்காய் அவித்துக் கொண்டுவந்து தந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். மகள் சிவானிக்கு வாய் தவறிச் சொன்னேன். ஹென்டர்சனிலிருந்து அரை மணித்தியாலத்தில் வந்து, மடிக்கணினியைத் திறந்து, “ஜஸ்ட் கோ, அப்பா” என்று சொல்லி டிக்கெட் போட்டுவிட்டாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு வேண்டாத இடத்தில் தமிழ் விளங்காது. அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி.

முதலில் பாஷை. கிராமத்தில் ஒருவருக்கும் இங்கிலிஷ் தெரியாது என்று நீ சொன்னதாலே போனில் ஒரு பிரெஞ்சுப் பாடம் இறக்கித் தந்தாள். ஒவ்வொரு நாளும் கால் மணித்தியாலம். நான்காம் பாடத்தில் “என் மனைவி ஆப்பிள் சாப்பிடுகிறாள்” என்று சொல்லச் சொன்னது. மா ஃபாம் மோன்ஜ் உன் பொம் என்றேன். சரியில்லை, திரும்பச் சொல் என்றது. சொன்னேன். சரியில்லை. பதினொரு தரம் என் மனைவி ஆப்பிள் சாப்பிட்டாள் மச்சான். பன்னிரண்டாம் தரம் குரல் தடக்கிவிட்டது, பார்த்தால் அதைத்தான் சரி என்று பச்சை வெளிச்சம் போட்டுக் கைதட்டுது. அந்தப் பாடத்தோடு நிப்பாட்டிவிட்டேன். ஆகவே உன் ஊரில் எனக்குச் சொல்லத் தெரிந்தது அந்த ஒரு வசனம்தான், அதுவும் பொய்.

பிறகு பெட்டி. ஞாயிறு காலை ஏவன்டேல் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசி ஒரு பெரிய பெட்டி வாங்கினேன். ரயில் மேடையில் ஒரு சில்லு கழன்று உருண்டு தண்டவாளத்துக்குள் விழுந்துவிட்டது. நான் முப்பது வருடம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டியவன், ஆனால் மூன்று சில்லில் எதையும் ஓட்டிப் பழக்கமில்லை. ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து வீட்டுக்கு இழுத்து வந்து, கையில் கிடைத்ததை எல்லாம் அடுக்கிப் பார்த்தால் பாதிப் பெட்டி காலி. அப்போதுதான் விளங்கியது, இரண்டு பேருக்கு அளவான பெட்டியை வாங்கி வந்திருக்கிறேன். சாமான் ஆடாமலிருக்க அவளுடைய கம்பளிச் சால்வை இரண்டை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பிறகும் வைத்தேன்.

அதற்கடுத்தது பயணக் காப்புறுதி. சிவானி வேலைக்குப் போயிருந்த நேரம் நானே அந்தப் படிவத்தை நிரப்பினேன். அவசரத்துக்கு யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. கை தன்பாட்டில் எழுதிவிட்டது, சரோஜாதேவி, மனைவி, அவளுடைய நம்பர். அனுப்பி இரண்டு நிமிஷத்தில் அலுமாரி லாச்சிக்குள் மணி அடித்தது. அவளுடைய போனுக்கு மாதம் மாதம் நான்தான் காசு போட்டு, சார்ஜும் ஏற்றி வைக்கிறேன், எடுக்காவிட்டால் அவள் குரலில் ஒரு செய்தி கேட்கும், அதற்காக. திறந்து பார்த்தால் குறுஞ்செய்தி: திரு. சோதிலிங்கத்துக்கு ஏதும் நடந்தால் உங்களுக்கு அறிவிப்போம், சம்மதமா, ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். நான் ஒன்றை அழுத்தினேன். சிவானிக்குச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இவையெல்லாம் சில்லறைக் காரணம். உண்மையான காரணம் வேறு. இதற்கு மேல் வாசிக்கும்போது நகுலாவைக் கொஞ்சம் அங்காலே போகச் சொல்லு. அல்லது வேண்டாம், இருக்கட்டும், அவளுக்கும்தான் எழுதுகிறேன்.

உன்னுடைய செய்தியின் கடைசியில், இதெல்லாம் உங்கட ரெண்டு பேற்ற புண்ணியம் என்று சொன்னாய். மச்சான், இரண்டு பேர் இல்லை. ஒருத்திதான். ஒவ்வொரு ஞாயிறும் உன்னோடு ஒரு மணித்தியாலம், நகுலாவோடு ஒரு மணித்தியாலம் கதைத்து, அங்கே சொன்னதில் பாதியை இங்கே சொல்லி, மீதியை விழுங்கிக்கொண்டது அவள். நான் பக்கத்துக் கதிரையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு, உமக்கு வேற வேலை இல்லையோ என்று கேட்டுக்கொண்டிருந்தவன். கடைசியாக அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போனைப் பிடிக்கக் கை ஏலாது. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“நகுலாவுக்கு ஒருக்கா அடிச்சுத் தாங்கோ. இண்டைக்கு ஞாயிறெல்லோ.”

நான் அடித்துக் கொடுக்கவில்லை. “பத்து வருசமாப் பிரிஞ்சிருக்கிற சனம், இன்னும் ஒரு கிழமை இருந்தா ஒண்டும் குறையாது. நீர் படுத்திரும்” என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். வியாழக்கிழமை போய்விட்டாள். அந்த ஞாயிறு நகுலாவோடு என்ன கதைக்க வைத்திருந்தாளோ எனக்குத் தெரியாது. இனி ஒருவருக்கும் தெரியாது. இதை நான் இதுவரைக்கும் சிவானிக்கும் சொல்லவில்லை. ஆகவே நீங்கள் இருவரும் சந்தோஷமாக மேசையில் இருந்து எனக்குச் சோறு போட்டு, சரோவால்தான் சேர்ந்தோம் அண்ணை என்று சொல்ல, நான் அதைக் கேட்டு விழுங்குவது எப்படி? உங்கள் மேல் அறையின் ஜன்னலைத் திறந்தால் வால்நட் மரமும் ஆறும் தெரியும் என்று சரோ இருக்கும்போதே எழுதியிருந்தாய். அதைப் பார்க்க ஆசைப்பட்டவள் அவள். நான் அவளுக்குத் துணையாக வர இருந்தவன். துணை தனியாக வந்து என்ன செய்வது?

ஆகவே சிவானியிடம் சொல்லி டிக்கெட்டை ரத்துச் செய்யப்போகிறேன். நீங்கள் இருவரும் அந்தக் கல்வீட்டில் நீண்ட காலம் நோய்நொடியில்லாமல், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் வந்து போக, குளிருக்கு விறகு குறையாமல் வாழ வேண்டும். அடுப்படிச் சுவரை நகுலா சொல்கிறபடி இடித்துவிடு. என்னை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அன்பு மாறாத
சோதிலிங்கம்

பி.கு.: கடிதம் வந்து சேர மூன்று கிழமையாகுமே, அதற்குள் நீங்கள் கட்டிலுக்கு விரிப்பு வாங்கிச் செலவழிக்கப்போகிறீர்கள் என்று நேற்று போனில் சொல்ல எடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். எடுத்தது நகுலா. நான் வாய் திறக்க முன்னம், சுவரை இடிக்க ஏலாது எண்டுறார் அண்ணை, அது வீட்டைத் தாங்குற சுவராம், எனக்கு விசர் எண்டு நினைக்கிறார் என்று தொடங்கி நாற்பது நிமிஷம். பிறகு நீ போனைப் பறித்து, தோட்டத்துக்குப் போய் நின்று, முப்பத்தைந்து நிமிஷம். நகுலா திரும்பப் பெட்டியை இறக்கி வைத்திருப்பதாகவும் சொன்னாய். நான் உனக்கு, “அவள் அப்பிடிச் சொல்லேல்லை மச்சான், நீ வேலை செய்து களைச்சுப்போறாய் எண்டுதான் கவலைப்படுறாள்” என்றேன். அவள் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு இந்தப் பொய் எங்கேயிருந்து வந்ததென்றே தெரியவில்லை. நீ, “உண்மையாவோ?” என்று கேட்டாய்.

ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. டிக்கெட் டிக்கெட்டாகவே இருக்கிறது. ஜூலை ஒன்பதாம் திகதி உங்கள் ஸ்டேஷனில் இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தக் கடிதத்தை உன் கையில் தந்துவிட்டு நேரே மேலே போய்ப் படுத்துவிடுவேன். இரண்டு பேரும் இருந்து வாசியுங்கள். அன்றிரவு என்னோடு அதைப்பற்றிக் கதைக்க வேண்டாம். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு முதலில் சுவரைப் பார்ப்போம்.