எனக்கு மட்டும் கிடைக்காத மெட்டு

பின்னணி இசை இல்லாமல் மனிதர்களை நடமாட விடுவது மகா அநியாயம் என்று நம்பிய ஒரே ஜீவன், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 'டைட்டில் மியூசிக்' என்று பட்டப்பெயர் வாங்கிய மனிதர்தான். பக்கத்து கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிப் பழக்கடை. வாயில் ஓயாத விசில்.

மேனேஜர் துரை காரைவிட்டு இறங்கினால் விசிலில் கல்யாண மேளம் கொட்டும். என் மனைவி கடைக்குக் கிளம்பினால் வீணை. தொழிலாளர் குடியிருப்பான லயத்து நாய்க்கு ராணுவ அணிவகுப்பு. எல்லாம் சொந்த மெட்டு. ஒருமுறை சர்ச்சில் பாதிரியார் பிரசங்கத்துக்கு எழுந்தபோது இவர் கீபோர்டில் திகில் இசை வாசித்தார். அடுத்த வாரமே கீபோர்டுக்குப் பூட்டு.

எனக்கு மட்டும் எதுவும் கிடையாது. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நான், நாயைவிடக் கேவலமா?

"எனக்கு எங்கயா மியூசிக்?"

"நீ ஒரு எடத்துல நின்னாத்தானே கிராணி போடறதுக்கு!"

அது உண்மைதான். ஆபீசிலிருந்து போன் அடித்தாலே ஓடுகிற ஜாதி நான்.

ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து டிவி நாடகக்காரர்கள் தோட்டத்தில் படம் பிடிக்க வந்தார்கள். டைட்டில் மியூசிக் நேரே இசைப் பொறுப்பாளர் அம்மாவிடம் போய், "ஒங்க நாடகத்துக்கு நாந்தான் மியூசிக். ஒங்களுக்கு இன்னும் தெரியல, அவ்வளவுதான்" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டு, மெட்டுகளை அனுப்பச் சொன்னார். இரவல் கீபோர்டில் வாசித்து அவர் பதிவு செய்து தந்ததை, கேட்டுக்கூடப் பார்க்காமல் நான் ஈமெயிலில் அனுப்பினேன்.

சில வாரம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து எனக்குப் போன்.

"மூணாவது மெட்டு ரொம்பப் பிடிச்சிருக்கு சார். ஒரிஜினல்தானே? நாளைக்கு யாராச்சும் என் பாட்டுன்னு வந்து நிக்கக்கூடாது. சாயங்காலத்துக்குள்ள உறுதியா சொல்லுங்க. இல்லாட்டி வேற மியூசிக் போட்டுருவோம்."

மெட்டைப் போட்டுக் கேட்டேன். எனக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்த மெட்டு! எங்கே கேட்டேன்? எந்தப் படம்? பழைய பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டேன், அகப்படவில்லை. வழக்கு, வக்கீல், அனுப்பி வைத்த கையில் விலங்கு எல்லாம் கண்முன் வந்தன. மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு கியா பார்முக்குப் பறந்தேன்.

"யோவ், இத நான் எங்கயோ கேட்டிருக்கேன்யா!"

"கேட்டிருப்பே." பழத்தை நிதானமாக அடுக்கினார்.

"எங்கயா சுட்ட?"

"யோசி லா."

அதற்குள் போன் அடித்தது. அந்த அம்மாதான். நான் வாயைத் திறப்பதற்குள் டைட்டில் மியூசிக் போனைப் பிடுங்கி, "என் சொந்த மெட்டுதாம்மா. சாட்சி இங்கயே மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குது" என்றார்.

சாட்சியா? ஆளை விட்டால் போதும் என்று மோட்டாரைப் பார்த்து ஓடினேன்.

பின்னால் விசில் கிளம்பியது. அதே மூன்றாவது மெட்டு. என் கால் எட்டு வைக்க எட்டு வைக்கத் தாளம் விழுந்தது. நின்றேன்; விசில் நின்றது. ஓரடி வைத்தேன்; ஒரு 'பீப்'.

"கேட்டீங்களாம்மா?" என்றார் போனில். "இத்தன வருசமா இந்தாளு ஓடறப்பல்லாம் பின்னாலயே அடிக்கிறேன். ஓடற அவசரத்துல இவருக்குத்தான் காது கேக்கல."

அந்த அம்மா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. மெட்டு நாடகத்தில் ஏறியது. கதாநாயகனின் மாமா கடன்காரனைக் கண்டு ஓடும்போதெல்லாம் அதுதான். லயத்தில் யாரும் டிவியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள்.

டைட்டில் மியூசிக் இப்போது ஈப்போவில், மகள் வீட்டில். நான் இன்னும் போன் அடித்தால் ஓடுகிறேன். ஆனால் கொஞ்ச தூரம் போனதும் தானாக நின்று, ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.