பெண் பார்க்கும் கேசட்

“அவங்களால வர முடியலன்னா, நாம பொண்ண கேசட்டுல அனுப்பிட வேண்டியதுதான்!”

கொளஞ்சியப்பனுக்கு வேறு வழி இல்லை. எண்பத்தேழாம் ஆண்டு. இடஒதுக்கீட்டு மறியலில் சாலையெல்லாம் மரங்கள் வெட்டுண்டு கிடந்தன. களமருதூர் பட்டாளத்து மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமையோடு லீவு முடிகிறது. அதற்குள் மகள் மணிமொழியை அவர்கள் பார்த்தாக வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். நல்லவேளை, மாப்பிள்ளை வீட்டில் சிங்கப்பூர் வீடியோ டெக் இருந்தது.

கள்ளக்குறிச்சியில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் உள்ளூர் வீரமுத்து வந்தான். விளக்கைப் போட்டான். வீட்டு ஃபியூஸ் போனது.

“இன்னாய்யா இது?”

“பக்கத்து வூட்டுல கரண்ட் இழுத்து வாசல்ல எடுத்துக்கலாம்ணே.”

வெளிச்சத்தைக் கண்டதும் தெருவே கூடிவிட்டது. அந்த இரைச்சல் கேசட்டில் விழுகிறதாம். அதை அமுக்க, எதிர்வீட்டு அய்யப்பன் டேப்பில் நாதஸ்வரம் போட்டான். பின்னால் காரை பெயர்ந்த சுவர் தெரிகிறதே என்று மனைவி தங்கமணி முணுமுணுத்தாள். கொளஞ்சியப்பன் கொல்லையிலிருந்த இரண்டு வாழைமரங்களை வெட்டி வந்து சுவரை மறைத்தார். குலை தள்ளுகிற பருவத்து மரங்கள்.

“ஊரே மரத்த வெட்டிக்கினு கீது, நீயுமாண்ணே?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வீரமுத்து தலையைச் சொறிந்தான். “பொண்ணு ஒசரமா, குள்ளமான்னு எப்டிண்ணே தெரியும்? பக்கத்துல யாராச்சும் நிக்கணும்.”

“இன்னும் இன்னாதாண்டா வேணும் உனக்கு? டேய் அய்யப்பா, போய் நில்லுடா!”

அய்யப்பன் வெள்ளை வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்து நின்றான். பட்டுப்புடவையில் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்த மணிமொழி, “சீக்கிரம் முடிங்கப்பா” என்று பல்லைக் கடித்தபடி சிரித்து வைத்தாள்.

வழியில் கிடக்கும் மரங்களைத் தாண்டிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகத் துணிந்தவர் முட்டை வியாபாரி பூமாலை ஒருவர்தான். கேசட்டைப் பொட்டலமாகக் கட்டி அவரிடம் கொடுத்தார் கொளஞ்சியப்பன்.

“உள்ள இன்னாங்க இருக்குது?”

“அத அவங்க பாத்துக்குவாங்க. நீ ஒடைக்காம கொண்டு போ!”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூமாலை திரும்பினார். கேரியரில் பளபளவென்று புது எவர்சில்வர் குடம். கொளஞ்சியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்ட பாடு வீண்போகவில்லை.

“பொண்ணப் புடிச்சிருக்காமா?”

“ரொம்பங்க! ரோட்டுல மரம் கெடந்ததால கல்யாணத்துக்குத்தான் வர முடியலன்னு வருத்தப்பட்டாங்க; பக்கத்துல நிக்கிற மாப்ள பொண்ணவிட ஒரு சாண் ஒசரம், ஜோடி பிரமாதம்னு சொல்லச் சொன்னாங்க.”