பாப்பாவுக்கு ஊட்டிய பத்து நாள்

ஆம்பளை முழு மனசாக இறங்கினால் ஆகாத காரியம் ஒன்றும் கிடையாது. இது என் கொள்கை. கல்யாணமான நாளிலிருந்து இதை என் மனைவி பானுப்ரியாவிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன். அவளும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிக்கொண்டு வருகிறாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

என் பெயர் ஹேமநாத். ஆரணியில் பட்டுத்தறி. வீட்டின் முன்னறையில் தரையைத் தோண்டிப் போட்ட குழித்தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தேன் என்றால் தெரு முழுக்க என் தறிச் சத்தம் கேட்கும். பானு பஜாரில் ஒரு பட்டுக்கடையில் கம்ப்யூட்டரில் புடவை பார்டருக்கு டிசைன் போடுகிறவள். எங்கள் பாப்பா காவ்யா பிறந்ததால் லீவில் இருந்தாள். பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்ததும் கடை முதலாளி போன் செய்துவிட்டார். பத்து நாள் கழித்து வரும் திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போயாக வேண்டும்.

அதுவரை பாப்பா தாய்ப்பால் தவிர ஒன்றும் அறியாதவள். இனிமேல் பாலோடு கூடக் கொஞ்சம் சாப்பாடும் பழக்க வேண்டும். பானு காலையில் பால் கொடுத்துவிட்டுப் போவாள், மதியம் வந்து கொடுப்பாள், சாயங்காலம் கொடுப்பாள். நடுவில் இரண்டு வேளை யாராவது ஊட்ட வேண்டும். யார்?

"கலசப்பாக்கத்துலேர்ந்து உங்க அக்காவ வரச்சொல்லட்டுமா?" என்றாள் பானு.

தறியில் நூலைக் குறுக்கே ஓட்டுகிற நாடா என் கையில் அப்படியே நின்றுவிட்டது.

செல்லியம்மாள் அக்கா என்னைவிடப் பதினாறு வயது மூத்தவள். என்னைத் தூக்கி வளர்த்தவள். இன்னும் கீழே இறக்கிவிடவில்லை என்பதுதான் பிரச்சினை. போன தடவை வந்தபோது பதினைந்து நாள் இருந்தாள். காலை ஐந்து மணிக்கு எழுப்பினாள். என் போனைப் பிடுங்கி அரிசி டப்பாவில் வைத்தாள். நான் எத்தனை வடை தின்கிறேன் என்று எண்ணினாள், அதுவும் சத்தமாக. இப்போது வந்தால் பாப்பா நடக்கிற வரைக்கும் இருப்பாள். பாப்பா பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் கூட இருப்பாள்.

"அக்கா எதுக்கு? நான் இல்ல?" என்றேன்.

"நீங்க தறி நெய்யணும்."

"ரெண்டு வேளை ஊட்டறது இன்னா பெரிய வேலை? ஒரு ஸ்பூன், ஒரு வாய். அவ்ளோதான?"

"அந்த வாய் தொறக்கணுமே."

"என்னைப் பாத்தா தானா தொறக்கும்."

"தொறக்கலைன்னா?"

"தொறக்கும்னு சொல்றேன் இல்ல! பத்து நாள் டைம் குடு. பத்தாவது நாள் பாப்பா என் கையால சாப்பிட்டா உங்க அக்கா எங்க அக்கா எந்த அக்காவும் வரக்கூடாது."

"சாப்பிடலைன்னா?"

"சாப்பிடும்."

"சாப்பிடலைன்னா?"

"வரட்டும். ஆனா ஒரு கண்டிஷன். நான் ஊட்டறப்ப நீ பக்கத்துல வரக்கூடாது. அதப் பண்ணு, இதப் பண்ணுன்னு யோசனை சொல்லக்கூடாது."

"சரிங்க. இப்பவே சொல்ல வேண்டியத சொல்லிடறேன், அப்பறம் வாயத் தொறக்க மாட்டேன். பால் எப்பவும் போல நான் குடுத்துகினேதான் இருப்பேன். இது அதுக்கு மேல. மொதல்ல ரெண்டு ஸ்பூன். நல்லா மசிச்சு. உப்பு வேணாம், சக்கரை வேணாம், தேன் கூடவே கூடாது. உக்கார வச்சுதான் குடுக்கணும். வேணான்னா திணிக்கக் கூடாது. அங்கன்வாடி கண்ணகியக்கா சொன்னது."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

முதல் நாள். ஒரு காரியம் என்றால் முறையாகச் செய்கிறவன் நான். தறியை நிறுத்தினேன். போனை சைலண்டில் போட்டேன். வாசல் கதவைச் சாத்தினேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது, ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்து அதையும் நிறுத்த வைத்தேன். வீடு கோயில் மாதிரி அமைதியானது. பாப்பாவைத் தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைத்தேன். பருப்புச் சாதம் மசித்த கிண்ணத்தோடு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

பாப்பா என்னைப் பார்த்தாள். பழுது விழுந்த புடவையை வியாபாரி பார்ப்பானே, அந்தப் பார்வை.

"ஆ... சொல்லு கண்ணு."

சொல்லவில்லை. உதட்டில் வைத்தேன். நாக்கால் வெளியே தள்ளினாள். மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளினாள். "வேலூர் பஸ் வருது, கண்ணமங்கலம் நிக்காது, நேரா உள்ள போவுது, ஜல்தி ஜல்தி!" என்று ஸ்பூனை ஓட்டினேன். பஸ் உதட்டில் மோதி என் சட்டையில் கவிழ்ந்தது. பாடினேன். ஆடினேன். நாய் மாதிரி குரைத்தேன். தெருநாய் இரண்டு பதில் கொடுத்தன. பாப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னாங்க, சாப்பிட்டுச்சா?" பின்கட்டிலிருந்து பானுவின் குரல்.

கையில் கிண்ணம். கண் முன்னால் அக்கா, பஸ்ஸை விட்டு இறங்குகிறாள், கையில் மஞ்சள் பை. நான் என்ன செய்வேன் சொல்லுங்கள். இரண்டு ஸ்பூனையும் என் வாயில் போட்டுக்கொண்டேன்.

"ம்ம்... ஆச்சு!"

"எல்லாத்தையுமா?"

"நக்கிடுச்சு!"

சிரிக்காதீர்கள். பாப்பா பால் நன்றாகக் குடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் பெற்ற மனசு உறுத்தத்தான் செய்தது. அதனால் ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேளையும் முதல் பத்து முயற்சி பாப்பாவுக்கு. பதினோராவதுதான் எனக்கு.

மூன்றாம் நாள் பானு கேட்டாள். "ரெண்டு ஸ்பூன் போதுதா?"

இங்கே ஒரு சாதாரண ஆள் "போதும்" என்று சொல்லியிருப்பான். எனக்குள் இருக்கிற வெற்றி வீரன் வாயைத் திறந்துவிட்டான்.

"போதவே மாட்டேங்குது பானு! இன்னும் இன்னும்னு கேக்குது. கைய புடிச்சு இழுக்குது."

"அப்டியா? அப்போ கிண்ணம் நெறைய போடறேன்."

போட்டாள். கேவுரு கஞ்சி, அதாவது கேழ்வரகுக் கஞ்சி. உப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. சுவரைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் இன்னும் பெரிய கிண்ணம். ஏழாம் நாள் பூசணிக்காய் மசியல். எனக்குப் பூசணிக்காய் என்றால் சின்ன வயதிலிருந்தே குமட்டும், அது பானுவுக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். பாப்பா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடுவது எப்படி என்று நான் அவளுக்குச் செய்து காட்டுகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"மீசைல இன்னாங்க ஒட்டிகினு இருக்குது?"

"ஜரிகைத் தூசு."

"ஜரிகை எப்பலேர்ந்து கேவுரு கலர்ல வருது?"

"இப்ப அதான் ஓடுது. உனக்கு டிசைன் மட்டும்தான் தெரியும், மெட்டீரியல் பத்தி இன்னா தெரியும்?"

"ஆமாங்க," என்றாள்.

எனக்கு வைக்கிற இட்லி நாலிலிருந்து இரண்டானது, இரண்டிலிருந்து ஒன்றானது. ஏன் என்று கேட்டேன். "உங்களுக்குப் பசி கொறஞ்ச மாதிரி தெரிஞ்சுது," என்றாள். இதற்கு மேல் கேட்டால் பேஜார் என்று விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு வேளையும் கிண்ணம் காலியானதும் பாப்பாவை பானுவிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் தறியில் உட்கார்ந்துவிடுவேன். வயிற்றில் கஞ்சி, நெஞ்சில் குற்ற உணர்ச்சி. இரண்டும் சேர்ந்து என்னைப் பேய் மாதிரி நெய்ய வைத்தன. எழுந்தால் அடுத்த கிண்ணம் வருமே என்கிற பயம் வேறு. பானு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். பத்து நாள் வேலையை ஏழு நாளில் முடித்தேன். ஆம்பளை இறங்கினால் ஆகாத காரியம் இல்லை என்றேனா இல்லையா?

பத்தாம் நாள் சனிக்கிழமை. அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு எடை போடுகிற நாள்.

பாப்பாவின் வயிற்றுக்குப் போக வேண்டியதெல்லாம் என் வயிற்றுக்குப் போயிருக்கிறது. எடைபோடும் இயந்திரத்துக்கு வெட்கம் மானம் கிடையாது, உள்ளதைச் சொல்லிவிடும். "கூட்டமா இருக்கும், அடுத்த மாசம் போலாமே," என்றேன். பானு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏற்கனவே தெருமுனைக்குப் போயிருந்தாள்.

கண்ணகி டீச்சர் பாப்பாவை எடை போட்டார். கார்டைப் பார்த்தார். மறுபடி எடை போட்டார்.

"போன மாசத்தவிட நானூறு கிராம் ஏறியிருக்குது! சூப்பர்! யாரு ஊட்டறது?"

"அவருதான்," என்றாள் பானு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

நானூறு கிராம்! எப்படி என்று எனக்கும் புரியவில்லை. ஆனால் வருகிற பெருமையை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன். அங்கே பன்னிரண்டு தாய்மார்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். "அமைதி வேணும்மா," என்று ஆரம்பித்தேன். "முக்கியமா அமைதி. நான்லாம் ஊட்டறப்ப தறியையே நிறுத்திடுவேன். குழந்தைக்கு கவனம் செதறக்கூடாது பாருங்க. அப்பறம் பொறுமை. அப்பறம் அன்பு." ஒரு பெண் போனில் வீடியோ எடுத்தாள். நான் அவள் பக்கம் திரும்பி நின்று அன்பை இன்னொரு தடவை சொன்னேன்.

"அண்ணே, நீங்களே ஒரு தடவை ஊட்டிக் காட்டுங்களேன். எல்லாரும் பாக்கட்டும்," என்றார் கண்ணகி டீச்சர்.

பானு பையிலிருந்து கிண்ணத்தை எடுத்தாள். பருப்புச் சாதம். எல்லாம் தயாராகக் கொண்டு வந்திருக்கிறாள்!

பாப்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஸ்பூனை நீட்டினேன். அதே வியாபாரிப் பார்வை. வேலூர் பஸ் விட்டேன். திருவண்ணாமலை பஸ் விட்டேன். கடைசியில் தெள்ளார் மினி பஸ்ஸும் விட்டேன். ஒரு பஸ்ஸும் உள்ளே போகவில்லை.

"கூட்டம்னா பாப்பாவுக்கு வெக்கம்," என்றேன்.

"இங்க குடுங்க," என்றாள் பானு. பெஞ்சில் உட்கார்ந்தாள். வலது கையில் ஸ்பூன். இடது கை முட்டியால் பெஞ்சைத் தட்டினாள். டக்-டடக். டக்-டடக்.

பாப்பாவின் வாய் குருவிக்குஞ்சு மாதிரி திறந்தது. ஒரு டடக்குக்கு ஒரு வாய். மென்றாள், விழுங்கினாள், மறுபடி திறந்தாள். கூட்டம் "அட!" என்றது. நான் பானு பக்கம் திரும்பினேன்.

"இது... இது எப்பலேர்ந்து?"

"ரெண்டாம் நாள்லேர்ந்து. நீங்க ஊட்டி முடிச்சுட்டுத் தறில உக்காந்தீங்க. நான் பின்கட்டுல சும்மா ஒரு ஸ்பூன் வச்சுப் பாத்தேன். தறி ஓடுனா வாயத் தொறக்குது, நின்னா மூடிக்குது. வயித்துல இருக்கச்சலேர்ந்து கேட்டுகினு இருந்த சத்தம் இல்லையா? நீங்க என்னடான்னா தறிய நிறுத்திட்டு ஊட்டிகினு இருந்தீங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"யோசனை சொல்லக்கூடாதுன்னீங்களே."

"அப்போ நான் ஊட்டனது?"

"ஊட்டனீங்க. இல்லன்னு சொல்லலையே. யாருக்குன்னுதான் நான் கேக்கல."

பன்னிரண்டு தாய்மார்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் நான் அசரவில்லை. ரகசியம் தெரிந்துவிட்டது. பத்தாம் நாள் இன்னும் முடியவில்லை. இப்போது ஒரு வாய் ஊட்டிவிட்டால் போதும், பந்தயம் என்னுடையது. அக்கா கலசப்பாக்கத்திலேயே இருக்கலாம்.

"இவ்ளோதானா? கொண்டா இங்க," என்று கிண்ணத்தை வாங்கினேன்.

பெஞ்சைத் தட்டினேன். டக்-டடக். என்ன கை என்னுடையது, பதினெட்டு வருஷம் தறியில் பழகின கை! பாப்பா வாயைத் திறந்தாள், நன்றாக, அகலமாக. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நானும் சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன். ஸ்பூனை எடுத்தேன். பத்து நாளாக ஒரே வழியில் போய்ப் பழகின ஸ்பூன் நேராக வந்து என் வாய்க்குள் போனது.

மென்றேன். விழுங்கினேன். அதற்கப்புறம்தான் சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை என்பது உறைத்தது. பாப்பா திறந்த வாயோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீரிட்டு அழுதாள்.

"அண்ணே," என்றார் கண்ணகி டீச்சர் மெதுவாக, "அது பாப்பாவுக்கு."

"சூடு... சூடு பாத்தேன்," என்றேன்.

பானு என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். அப்புறம் போனைப் பார்த்தபடியே சொன்னாள்:

"வீட்ல சாப்பிட ரெண்டு பேர் இருக்கீங்க, ஊட்ட ஒருத்தராவது வேணாமா? உங்க அக்கா ஆரணி பஸ்ல போளூர் தாண்டிட்டாங்களாம்."