எண்ணும்மையும் இரண்டு கழுதைகளும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. முழங்கால் பரவாயில்லை. நீயும் உன் வேதாகமக் கல்லூரி மாணவர்களும் நீ கற்பிக்கும் எபிரெயமும் சுகமாக இருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

நான் எங்கள் போதகரைக் கழுதை என்று சொன்னதாக உன் காதுவரை வந்திருக்கும். சொல்லவில்லை. கான்வென்டில் படித்தவள் நான். யாரையும் அப்படிச் சொல்லமாட்டேன், தோன்றினாலும். நடந்தது இது. ஆலய மண்டபத்தில் நாடக ஒத்திகை. தையல்காரர் ஒரே ஒரு கழுதைத் தலையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இன்னொரு கழுதை எங்கே?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்த போதகர், தாமதமாக வந்த வெட்கத்தில், "இதோ வந்துட்டேம்மா" என்றார். பாடகர் குழு சிரித்தது. இதில் என் குற்றம் என்ன?

நாடகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். மேடையின் இடப்பக்கம் தீர்க்கதரிசிகள் நின்று வாசிப்பார்கள், வலப்பக்கம் அது நிறைவேறும். மீகா பெத்லகேம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அங்கே தொழுவத்தில் விளக்கு எரியும். சங்கீதக்காரன் தன் உடைக்குச் சீட்டுப் போடுகிறார்கள் என்று அழுதால், அங்கே சிலுவையடியில் சேவகர் சீட்டுக் குலுக்குவார்கள். நூற்றாண்டுகளாகக் காத்திருந்த வார்த்தை, தம்பி, மேடையில் நாலே எட்டில் கடந்துவந்து மேசியாவின் முன்னால் நிற்கிறது. உன் அத்தான் போன பிறகு நான் வீட்டைவிட்டு வெளியே வந்ததே இதை நடத்தத்தான்.

அதில்தான் கழுதை குறுக்கே வந்தது. எருசலேமுக்கு ராஜா கழுதையின்மேலும் குட்டியின்மேலும் வருகிறார் என்கிறான் சகரியா தீர்க்கதரிசி. மேலும், மேலும். இரண்டு 'உம்'. இது எண்ணும்மை என்று பள்ளியில் சிஸ்டர் எனக்குக் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தது. எண்ணிச் சொல்கிற 'உம்' இரண்டு வந்தால் கழுதையும் இரண்டு. போதகர் கேட்கவில்லை. "எபிரெயக் கவிதையிலே ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்வாங்கம்மா. கழுதை ஒண்ணுதான்."

என் மருமகளும் சேர்ந்துகொண்டாள். "ஆமா அத்தை. 'எங்க அத்தை வர்றாங்க, எங்க மாமியார் வர்றாங்க'ன்னு நான் சொன்னா ரெண்டு பேரா வந்து நிக்கறீங்க?"

"ஒருத்தர் வர்றதே தாங்கல" என்றார் கீபோர்டு வாசிப்பவர். கேட்காததுபோல் இருந்தேன்.

"மத்தேயு கவிதை எழுதல, ஐயா. இயேசுகிட்ட தாயையும் குட்டியையும் கொண்டுவந்தாங்கன்னு தெளிவா சொல்றார்" என்றேன்.

"மத்த மூணு சுவிசேஷக்காரங்களும் ஒண்ணைத்தானே சொல்றாங்க?"

"சொல்லலைன்னா தாய் செத்துப்போச்சா? யாரும் ஏறாத குட்டின்னு மாற்கே சொல்றார். அவ்வளவு கூச்சல்ல தாய் கூட வராம அது ஒரு அடி வைக்குமா?"

அதற்குப் போதகர் சொன்ன பதில்: "நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்கம்மா. நாடகத்தைப் பாடகர் குழுத் தலைவர் பார்த்துக்குவார்."

ஓய்வு. ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாசிப்பைப் பாதியில் விட்டுவிட்டு. அந்தத் தலைவருக்கு ஓசியாவுக்கும் ஒபதியாவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகையால் அந்த 'உம்' எபிரெயத்திலும் இருக்கிறது என்று கல்லூரித் தாளில், முத்திரையோடு, எழுதி அனுப்பு. நாடகம் என் கைக்குத் திரும்ப வரவேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளைத் தேவன் காப்பாராக. உன் கையெழுத்தையும் அவரே திருத்துவாராக.

உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் போதகர் வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் பெரிய மூட்டையோடு. "மத்தேயுவை மறுபடி படிச்சேம்மா. தாயும் வரட்டும். குட்டியைச் சக்கரப் பலகையிலே இழுத்துடலாம். தாய்க்குத் தலையும் போர்வையும் தைச்சாச்சு, போட்டுக்கிட்டு நடக்கத்தான் ஆள் இல்ல" என்றார். "யார் நடப்பாங்க?" என்று கேட்டேன். அவர் கழுதைத் தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மருமகள் சமையலறைக்குள் ஓடிவிட்டாள், சிரிக்கத்தான். இரண்டு கழுதை என்று ஊரைக் கூட்டியவள் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போட்டுப் பார்த்தேன், காது மட்டும் கொஞ்சம் பெரிது. நாடகத்தை அந்தத் தலைவரே நடத்தட்டும், முத்திரை வேண்டாம், மேலே கேட்டதையெல்லாம் விட்டுவிடு. வேறொன்று அவசரமாகத் தெரியவேண்டும். பழைய ஏற்பாட்டில் பிலேயாமின் கழுதை வாய் திறந்து பேசியது. எருசலேமுக்குள் வந்த தாய்க்கழுதை பேசவில்லை என்று எங்காவது எழுதியிருக்கிறதா? எழுத்தில் பதில் அனுப்பு.