பத்தொன்பதாவது சாமான்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையோடு பொய் எழுதக் கூடாது என்பதால் அதை விட்டுவிடுகிறேன். நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருக்க வேண்டும். அது மட்டும் மெய்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கூடத்தில் நடந்த கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: உன் அத்தான், நாற்காலியில். உன் மருமகன், அதாவது என் மகன், போனும் கையுமாக. அவன் பெண்டாட்டி, ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிய கோலத்தில். மாடிவீட்டுக் கேப்டன், பெயிண்ட் கிடங்கில் காவல் காத்தவர்தான், மீசையைப் பார்த்து ஊரே கேப்டன் ஆக்கிவிட்டது. மேஜைமேல் வைத்த போனுக்குள்ளிருந்து நீ. அடுப்படி வாசலில் நான். என் அபிப்பிராயம் மட்டும் வரவில்லை. அதை யாரும் அழைக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாளின் பையை எவனோ பறித்துக்கொண்டு ஓடினான் என்பதற்காகக் கூடிய கூட்டம். நான் விடியற்காலையில் தனியாகக் கோயிலுக்குப் போகிறவள் ஆயிற்றே, தற்காப்புக்கும் அவசரத்துக்கும் தினமும் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு அடுக்கினீர்கள். கேப்டன் விசில் கொடுத்தார். மகன் டார்ச்சு கொடுத்தான். மருமகள் முதலுதவிப் பெட்டி. உன் அத்தான் இரும்பு முனை வைத்த குடை. நீ சும்மா இருந்தாயா? பார்சலில் இரண்டு வந்தது. பதினொரு கத்தி மடங்கிக் கிடக்கும் ஆயுதம் ஒன்று, முகத்தில் அடிக்கிற மிளகாய் மருந்து ஒன்று. எனக்குத்தான் எதையும் எழுதி வைக்காவிட்டால் தூக்கம் வராதே. நோட்டில் கோடு போட்டேன்: சாமான், கொடுத்தவர், எடை, உபயோகம். தண்ணீர் பாட்டில், ஊக்கு எல்லாம் சேர்த்துப் பதினெட்டு சாமான். அடுப்படித் தராசில் நிறுத்துப் பார்த்தால் நாலு கிலோ நூற்றெண்பது கிராம். திருடன் வந்தால் அடிக்க வேண்டாம், பையை அவன் கையில் கொடுத்தால் போதும், அங்கேயே உட்கார்ந்துவிடுவான்.

முதல் நாளே கோயில் வாசல் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். உன் ஆயுதத்தை எடுத்துப் பதினொரு கத்தியையும் விரித்தார், மடக்கத் தெரியவில்லை, கட்டை விரலை அறுத்துக்கொண்டார், நான் அங்கேயே உட்கார்ந்து மருமகள் கொடுத்த பெட்டியைத் திறந்து கட்டுப் போட்டேன். ஒரு சாமான் வெட்டிற்று, இன்னொன்று கட்டிற்று. பை தனக்குத் தானே வேலை வைத்துக்கொள்கிறது. பூஜை முடிந்துவிட்டது, நான் பார்த்தது சாத்திய கதவை.

மூன்றாம் நாள் உன் மிளகாய் மருந்தை உன் அத்தான் கையில் எடுத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"வேலை செய்யுதான்னு பாக்க வேண்டாமா? அவசரத்துக்கு அடிச்சா காத்து வந்துச்சுன்னா?"

பார்த்தார். மின்விசிறிக்கு நேராக நின்று பார்த்தார். அப்புறம் இரண்டு மணி நேரம் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். உள்ளேயிருந்து ஒரே ஒரு குரல் வந்தது: "வேலை செய்யுது."

அதற்குமேல் அதை வெளியே வைக்கக் கூடாது என்று ஒரு தகர டப்பாவில் போட்டுப் பூட்டினோம். சாவி தொலையக் கூடாது என்று பையின் உள்ளறையில் போட்டேன். உள்ளறை திறந்துகொள்ளக் கூடாது என்று ஊக்குக் குத்தினேன். எதிரிக்கு எதிராக அல்ல, எனக்கு எதிராகவே இவ்வளவு காவலும் என்பது ஆறாம் நாள்தான் புரிந்தது.

அச்சகத்துக்கும் பழைய இரும்புக் கடைக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. அன்று அங்கே எனக்குப் பின்னால் ஒரு காலடி, சர் சர்ரென்று தேய்த்துக்கொண்டு. நான் நின்றால் அதுவும் நிற்கிறது. திரும்பினால் ஒரு ஆள். கடவுளே என்று கையைப் பைக்குள் விட்டேன். குடை வருகிறது, டார்ச்சு வருகிறது, பாட்டில் வருகிறது, டப்பாவும் வருகிறது, சாவி வரவில்லை.

"என்னம்மா தேடுறீங்க?"

"சாவிப்பா."

"குடுங்க, இதையெல்லாம் நான் பிடிச்சுக்கறேன்."

கொடுத்தேன். கேட்கிறவரிடம் எப்படி மாட்டேன் என்பது?

"எதுக்குச் சாவி?"

"இந்த டப்பாவத் திறக்க."

"உள்ள என்ன?"

கோயிலுக்குப் போகிற வழியில் எப்படிப் பொய் சொல்வது? "உங்க மூஞ்சியில அடிக்கிற மருந்து," என்றேன்.

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெளிச்சம் பத்தலையே, டார்ச் அடிக்கட்டுமா?" என்றார். அடித்தார். அந்த வெளிச்சத்தில் ஊக்கு தெரிந்தது. "அம்மா, அந்த ஊக்கை எனக்குத் தருவீங்களா? செருப்பு வாரு அறுந்துபோச்சு. அதைக் கேக்கத்தான் அந்த மூலையிலிருந்து பின்னாலயே வர்றேன். நீங்க என்ன இவ்வளவு வேகமா நடக்கறீங்க!"

ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். உள்ளறை திறந்தது. சாவி கிடைத்தது. அதற்குமேல் அவர் முகத்தில் அடிப்பது மரியாதையா? நோட்டில் எழுதினேன்: ஊக்கு ஒன்று, உபயோகம், எதிரியின் செருப்புக்கு.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வீட்டில் சொல்லித் தொலைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி கூட்டம். "ஆளே எதிர்ல நின்னப்ப ஒண்ணும் பண்ண முடியலியே. இந்தப் பையெல்லாம் உதவாது. நாளையிலிருந்து நானே கூட வர்றேன்," என்றார் உன் அத்தான். நீயும் போனிலிருந்து சரிதான் அத்தான் என்றாய், கேட்டது.

ஆகவே நோட்டில் ஒரு வரி ஏறிற்று. பத்தொன்பதாவது சாமான்: அவர். எடை: எழுபத்தோரு கிலோ. கொடுத்தவர்: நம் அப்பா. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால்.

தம்பி, உனக்கு ஒன்று சொல்கிறேன், வெளியில் சொல்லாதே. ஐந்து வகுப்புப் படித்தவள் நான். மிச்சத்தைக் கடைக்காரன் மடித்துக் கொடுத்த காகிதங்களில் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்காத நேரம் ஒரு நாளில் ஒன்றுதான்: போக இருபத்தைந்து நிமிஷம், வர இருபத்தைந்து நிமிஷம். கோயிலில் கடவுளுக்குக் கூட்டம். வழியில்தான் எனக்குக் காது கொடுப்பார். இப்போது? உன் அத்தான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சந்தின் சாக்கடைக்குச் சரிவு தப்பாம். "இப்படி வெட்டினா தண்ணி எப்படி ஓடும்?" என்று தினமும் நின்று காட்டுகிறார். முழங்கால் வலிக்கிறது என்று நாலு இடத்தில் நிற்கிறார். "வந்துட்டோமா?" என்கிறார். பதினொரு நாளாக அவர் பேசுகிறார், கடவுளும் நானும் கேட்டுக்கொண்டே நடக்கிறோம். நேற்றுக் கோயில் வாசலில் கண்ணை மூடினேன். கண்ணுக்குள் சாக்கடைதான் வந்தது.

என் பேச்சு எடுபடாது. உன் பேச்சை அவர் கேட்பார், நாலு ஊர் பார்த்தவன் என்கிறார். அக்காவுக்குத் துணை வேண்டாம், ஒரு விசில் போதும், அவளைத் தனியாக விடுங்கள் அத்தான் என்று பெரிய எழுத்தில் ஒரு கடிதம் எழுது. ஆயுள் முழுக்க வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

உன் பிள்ளைகள் தலை நிறைய எண்ணெயும் வாய் நிறையச் சிரிப்புமாக இருக்கட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. நீ எனக்கு இனிமேல் பார்சல் எதுவும் அனுப்பாமல் இருக்கக் கடவுள் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று காலை அதே சந்தில் உன் அத்தான் போனை வெளியே எடுத்து, "எவனாவது வந்தா பதறக் கூடாது. இப்படி எடுத்து, டக்குனு," என்றார். டக்கென்று ஒருவன் வண்டியில் வந்து பறித்துக்கொண்டான். எனக்கு என்ன வந்ததோ, விசிலை வாயில் வைத்து ஊதினேன். இரும்புக் கடைக்காரர் ஓடி வந்தார், அன்று ஊக்கு வாங்கிய செருப்புக்காரர் ஓடி வந்தார், நாய்கள் வந்தன. பறித்தவன் மிரண்டு போனைத் தவறவிட்டான். உன் அத்தான் பதினொரு நாளாகத் திட்டிய சாக்கடையில் விழுந்தது. சரிவு தப்பாக இருந்ததால் ஓடாமல் அங்கேயே நின்றது. செருப்புக்காரர் குடை முனையால் எடுத்துக் கொடுத்தார். நோட்டில் ஒரே நாளில் மூன்று உபயோகம்: விசில், குடை, சாக்கடை.

திரும்பி வரும்போது உன் அத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தைந்து நிமிஷம் முழு அமைதி. கடவுளிடம் இப்போதாவது பேசுவோம் என்று பார்த்தேன். உன் அத்தான் என் பையின் வாரைப் பிடித்தவர் வீடு வரைக்கும் விடவில்லை. என் கவனமெல்லாம் அந்த வாரில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, "இனிமே நீ இல்லாம நான் வெளியே போக மாட்டேன்," என்றார். பாங்கி, முடிவெட்டும் கடை, சங்கக் கூட்டம், எல்லாவற்றுக்கும் நான் வர வேண்டுமாம்.

ஆகவே மேலே கேட்டதை எழுதிவிடாதே. என்னைத் தனியாக விட்டால் அவரை யார் பார்த்துக்கொள்வது? அவரும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். முதல் சாமான் நான். எடை என்ன என்று கேட்டார்; சொல்லவில்லை. அவர் கையில் வேறு என்ன கொடுத்து வைக்கலாம் என்று யோசித்துச் சீக்கிரம் பதில் போடு.